வேலை செய்கிற தங்கம்

இன்று மதியம் கேம்ப் ரோட்டில், சேலையூர் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய செல்போன் ரிப்பேர் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் போனில் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் அதைப் பிரித்து, பேஸ்டைத் தொட்டு, சால்டரிங் கம்பியை வைத்ததும் வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. குங்கிலியம் கருகுகிற மாதிரியான அந்த வாசனை. அடுத்த நொடி உன் முகம்தான் வந்தது. மூக்கைச் சுருக்கி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் முகம்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, புகை ஒத்துக்கொள்ளவில்லையா மேடம் என்று ஃபேனைத் திருப்பி வைத்தார். அதெல்லாம் இல்லை, ஒரு சிநேகிதியின் ஞாபகம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் அந்த வாசனை புடவையில் இருந்தது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சந்தித்ததே அந்தப் புகைக்குள்தான். தாம்பரத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகள் இருக்கும் வளாகத்துக்குள், டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்திருந்தோம். நீண்ட மேஜையில் வரிசையாகப் பெண்கள். ஆளுக்கொரு சால்டரிங் கம்பி. நாள் முழுவதும் புகை. என் தலையணையில்கூட அந்த வாசனை அடிக்கிறது என்று அம்மா முணுமுணுப்பார். நீ மேற்குத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வருவாய். சாப்பாட்டு வேளையில் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் திருப்தி இல்லாமல், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாய். முதல் வாரமே என்னை மைதிலி என்று முழுசாகக் கூப்பிடப் பொறுமை இல்லாமல் மைதி ஆக்கிவிட்டாய்.

பிறகு நம் இரண்டு பேரையும் மூடி போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடித் தடுப்பு, வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. உள்ளே நுழைந்ததும் நீ மூச்சை நன்றாக இழுத்து விட்டாய். எந்த வாசனையும் இல்லை. அதுதான் அந்த வேலையின் முதல் விதி என்று பிரிவின் இன்ஜினியர் சொன்னார். நகத்தளவு பீங்கான் பெட்டி. அதற்குள் ஒரு சிலிக்கான் சில்லு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். அதன்மேல் மூடி வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். சாதாரணச் சால்டர் ஒட்டுவதற்கு வேண்டிய, புகை கிளப்பும் அந்தப் பேஸ்டை இங்கே தொடவே கூடாது. பேஸ்டின் மிச்சம் உள்ளே மாட்டிக்கொண்டால், மூடிய பெட்டிக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விட்டு உள்ளே இருப்பதையெல்லாம் அரித்துவிடும். அதனால் பேஸ்ட்டே தேவைப்படாத ஒரு கலவை.

பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் வைப்பதற்காக அந்தக் கலவையில் வெட்டிய ஒரு சின்னச் சதுர ஃப்ரேமை அவர் காட்டினார். காகிதத்தைவிட மெல்லியது. நடுவில் ஓட்டை. வெளிறிய மஞ்சள். எண்பது பங்கு தங்கம், இருபது பங்கு வெள்ளீயம் என்றார். அறையில் இருந்த அத்தனை பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். நீ கையைத் தூக்கினாய்.

"செய்கூலி சேதாரம் எவ்வளவு சார்?"

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சிரித்து முடித்ததும் நீ நிஜமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாய். தங்கத்தை உருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டுமே, உள்ளே இருக்கும் சில்லு என்னாவது? அதற்குத்தான் வெள்ளீயம் என்றார் அவர். சரியாக அந்த அளவில் கலந்தால் இருநூற்றெண்பது டிகிரியிலேயே உருகிவிடும். கூழாகிக் குழைகிற நிலையே கிடையாது. அந்தச் சூடு வரும்வரை திடமாக நிற்கும், வந்ததும் ஒரே மூச்சில் நீராகிவிடும், ஆறும்போதும் அதே மாதிரி ஒரே மூச்சில் இறுகிவிடும். இறுகியபின் அசையாது. மற்ற சால்டர்கள் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கிக் காலப்போக்கில் தளர்ந்துபோகும், இது தளராது. துருப்பிடிக்காது. சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் லேசர் சில்லுகளைக்கூட இதைக் கொண்டுதான் உட்கார வைக்கிறார்கள். கெட்ட குணம் ஒன்றுதான்: கையாளும்போது நொறுங்கும். ட்வீசரால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அப்பளம் மாதிரி உடைந்துவிடும்.

நீ அன்று உலையின் சின்னக் கண்ணாடி ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாய். ஃப்ரேம் உருகுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாய். "டப்புனு ஆச்சு மைதி. கண்ணு சிமிட்டியிருந்தா போயிருக்கும்" என்று சாப்பிடும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ நகை போட்டு நான் பார்த்ததில்லை. உன் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் ஒரே ஒருநாள் கழுத்தும் கையும் நிறையப் பார்த்தேன். அடுத்த வாரமே பழைய மாதிரி வந்து நின்றாய். ஏன் என்று நான் கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "காதுல இருக்கிற தங்கம் என்ன பண்ணுது? சும்மா தொங்குது. நம்ம தங்கம் வேலை செய்யுது."

சில வருடங்களில் கம்பெனி அந்தப் பிரிவை வேறு ஊருக்குக் கொண்டுபோனது. நம்மைப் பழைய மேஜைக்கே, பழைய புகைக்கே போகச் சொன்னார்கள். சேதி வந்த அன்று சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் வேறு கம்பெனிகளின் பெயர்களை யோசித்துக்கொண்டிருந்தேன். நீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாமே செய்யலாம் என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பீர்க்கன்கரணைக்குக் கூட்டிப்போய் ஒரு ஷெட்டைக் காட்டினாய்.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்த ஷெட் உன் வீட்டுக்காரருடையது. கேம்ப் ரோட்டில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், பழைய டயரும் சைலன்ஸரும் போட்டுவைக்கும் இடமாக அதை வைத்திருந்தார். உனக்காக எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, தானே சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான என் கணவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மழைக்கு ஒழுகுமா என்று மட்டும் கேட்டார். ஒழுகாது என்று நீ சத்தியம் செய்தாய். ஒழுகியது.

கிண்டியில் மூடிவிட்ட ஒரு கம்பெனியிலிருந்து பழைய உலை ஒன்று கிடைத்தது. நைட்ரஜன் சிலிண்டர்கள் வந்தன. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் பட்டால் வெள்ளீயத்தின்மேல் ஆடை படிந்துவிடும் என்பதால், உலைக்குள் நைட்ரஜனைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. உலையும் சிலிண்டரும் இறங்குவதைப் பார்த்த தெருக்காரர்கள் நாம் பேக்கரி வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்டு வந்தார். இங்கே வேகிறது எதையும் சாப்பிட முடியாதுக்கா என்று சொல்லி அவரை உள்ளே கூப்பிட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஒரு பெட்டியைக் காட்டினாய். தங்கம் என்றதும் அவர் முகம் மாறியதையும், மறுநாளே தெரு முழுக்க நமக்கு மரியாதை கூடிப்போனதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி நமக்கு வேலை கொடுத்தது. கடலில் மிதக்கும் கருவிகள் செய்பவர்கள். அலையையும் காற்றின் அழுத்தத்தையும் அளந்து கரைக்குச் சொல்லும் மிதவைகள். அதற்குள் போகும் சில்லுப் பெட்டிகளுக்கு நாம் மூடி போட வேண்டும். அந்தக் கம்பெனியில் நம்மோடு பேசுகிற இன்ஜினியரை ஓசூர் சார் என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் நமக்குத் தெரிந்தபிறகும் அவர் ஓசூர் சார்தான். நம் ஷெட்டுக்கு அந்தக் கம்பெனியை விட்டால் அப்போது வேறு பெரிய வேலை கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அந்த வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். மிதவைகளை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெட்டிகளை மூடி, சோதனைக்காகச் சூடாக்கிய தெளிவான திரவத்தில் ஒவ்வொன்றாக முக்கினோம். நல்ல பெட்டி சும்மா கிடக்கும். மூடியில் இண்டு இருந்தால், உள்ளிருக்கும் காற்று விரிந்து பொடிப் பொடியாகக் குமிழி விடும். முதல் தட்டிலேயே பல பெட்டிகளின் மூலையிலிருந்து குமிழிகள் பாசிமணி கோத்த மாதிரி ஏறி வந்தன. இரண்டாவது தட்டிலும் அதேதான்.

நான் மழையைத்தான் சந்தேகப்பட்டேன். ஏரி தளும்பி நின்றது. ஷெட்டின் சுவரில் கை வைத்தால் ஈரம். கூரையின் ஒழுகலுக்குக் கீழே அண்ணா வைத்த பக்கெட். இந்த ஈரக் காற்றில் என்ன உருப்படும் என்று புலம்பினேன். பெட்டிகளை முன்கூட்டியே நெடுநேரம் காயவைத்துப் பார்த்தோம். சிலிண்டரை மாற்றினோம். மூடியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகளை மாற்றினோம். எதற்கும் குமிழி நிற்கவில்லை. ஓசூரிலிருந்து தினம் போன் வந்தது. நான் எடுக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்காது.

நீ வெளியாட்களிடம் அளந்து பேசுகிறவள். வேலையில் மூழ்கிவிட்டால்தான் மேற்குத் தாம்பரத்துத் தெருப் பேச்சு வெளியே வரும். அன்று மதியம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவள் தலையைத் தூக்காமலே கூப்பிட்டாய்.

"மைதி, இங்க வா. இது இன்னாடி இப்டி சொரசொரன்னு கீது?"

நான் பார்த்தேன். மூடியைச் சுற்றி ஓடும் கோடு எப்போதும் வழவழப்பாக இருக்கும். இதில் மூலையில் மங்கலாக, மணல் தூவின மாதிரி இருந்தது. அந்த இடத்தை நிரப்பாமலே நின்றுபோயிருந்தது. சூடு போதவில்லையோ என்றேன். உலையின் சூடு சரியாக இருப்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருந்தோம்.

நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். பிறகு குமிழி விட்ட பெட்டிகளில் ஒன்றையும், போன மாதம் மூடி நம்மிடம் மாதிரிக்காக வைத்திருந்த பெட்டி ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் உலைக்குள் வைத்தாய். எப்போதும் வைக்கும் அதே சூடு. ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டாய். நான் உன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பெட்டியின் கோடு சட்டென்று பளபளத்து நீரானது. புதியது அப்படியே இருந்தது. நீ சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாய். வெகுதூரம் ஏற்றிய பிறகுதான் அது அரைமனதாக அசைந்தது.

"ஒரே சால்டர்தானே ரெண்டும்?" என்று கேட்டேன்.

"போகும்போது ஒரே சால்டர். உள்ள போய் மாறிடுச்சு. தங்கம் ஏறியிருக்கு மைதி."

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. எண்பதுக்கு இருபது என்கிற அந்தக் கணக்கில் வெள்ளீயம் கொஞ்சம் கூடினால்கூடப் பெரிய பாதகமில்லை. தங்கம் கொஞ்சம் கூடினால் உருகும் சூடு கிடுகிடுவென ஏறிவிடும். மூடியின்மேல் தங்க முலாம் இருக்கும். உருகிய சால்டர் அந்த முலாமைக் கொஞ்சம் கரைத்துக் குடிக்கும். அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் இந்த முறை வந்த மூடிகள் புதிய முலாம் கடையிலிருந்து வந்தவை. ஓசூர்க்காரர்களே ஏற்பாடு செய்து அனுப்பியது. சால்டர் அளவுக்குமேல் தங்கத்தைக் குடித்து, மூலைவரை ஓடி முடிப்பதற்குள் உலைச் சூட்டிலேயே இறுகி நின்றுவிட்டது.

முலாம் போட்டவருக்கு அங்கேயே போன் போட்டாய். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பாவம், பெருமையாகத்தான் சொன்னார்.

"கடலுக்குப் போற பொருள்னு சொன்னாங்க மேடம். அதான் தங்கத்தை நல்லா தாராளமா விட்டேன். எக்ஸ்ட்ரா எதுவும் கேக்கலயே நான்."

போனை வைத்தபிறகு நீ மேஜையில் தலை சாய்த்துச் சிரித்தாய். ஊரில் தங்கம் குறைந்ததற்குத்தான் சண்டை போடுவார்கள், நாம் அதிகமாகப் போட்டதற்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது என்றாய். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் சிரித்து முடித்ததும் விஷயம் அப்படியே நின்றது. சூட்டை ஏற்றி மூடலாம் என்றால் உள்ளே இருக்கும் சில்லு தாங்காது. புதிய மூடிகள் வந்தால்தான் வழி. அதற்குள் கப்பல் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. அந்த மூடிகளிலேயே பாதிக்குமேல் குமிழி விடாமல் தேறியிருந்தன. அவற்றை மட்டும் அனுப்பினால் முதல் கப்பலுக்குப் போதும். ஓசூரில் இண்டு கண்டுபிடிக்கச் செய்யும் ஹீலியம் வாயுச் சோதனையிலும் அவற்றில் நிறைய தேறும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் தேறியவை இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"இது பாஸானது இன்னிக்கு. உள்ள ஓடாம நின்ன இடம் இதுலயும் இருக்கும். கடலுக்கு நடுவுல போய் யாரு மறுபடி சூடு வைப்பாங்க?"

அனுப்பவில்லை என்றால் ஓசூர் வேலை நம் கையைவிட்டுப் போய்விடலாம் என்றேன். ஆமாம், போய்விடலாம் என்று நீயும் ஒப்புக்கொண்டாய். அப்படிப் போனால் இந்த ஷெட்டில் மறுபடி டயர்தான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். உனக்கும்தான் என்றாய். பயத்தை ஒளிக்காமல் சொன்னதால்தானோ என்னவோ, எனக்குத் தைரியம் வந்தது. நான்தான் போன் போடுவேன் என்றேன். தினம் பேசிய குரல் என்னுடையதாயிற்றே.

ஓசூர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடிகளில் என்ன ஆனது, ஏன் ஆனது, தேறியவற்றையும் ஏன் அனுப்பப்போவதில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவர், அந்தப் பெட்டிகளை அப்படியே எடுத்துவைங்க, நான் வந்து பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் மழையோடு வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஏரித் தெருவின் தண்ணீரில் நடந்து வந்தவரைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா குடை எடுத்து ஓடினார். நீ அவருக்காக உலையில் இரண்டு பெட்டிகளை மறுபடி வைத்துக் காட்டினாய். அவரும் உன்னைப் போலவே ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தார். தேறிய பெட்டிகளில் ஒன்றைப் பிளந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். மூலையில் நிரம்பாத பள்ளம் தெரிந்தது. அவர் நிமிர்ந்து, இவற்றை மிதவையில் ஏற்றியிருந்தால் முதல் புயலுக்குள் எல்லாம் செத்துப்போயிருக்கும் என்றார். பிறகு அண்ணா வாங்கி வந்த சமோசாவைச் சாப்பிட்டுக்கொண்டே, கப்பலைத் தள்ளிப்போடச் சொல்லித் தன் மேலதிகாரியோடு போனில் நெடுநேரம் பேசினார். அந்த மூடிகளை ஏற்பாடு செய்தது ஓசூர் கம்பெனிதான் என்று அவர் சொன்னது நமக்குக் கேட்டது. நீ என் காலை மேஜைக்கடியில் மிதித்தாய்.

மெல்லிய முலாமோடு புதிய மூடிகள் வந்தன. நாம் இரண்டு பேரும் தட்டுத் தட்டாக மூடினோம். திரவத்தில் முக்கியபோது எல்லாம் சும்மா கிடந்தன. அவ்வளவு அழகான சும்மாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கப்பல் போனது. ஓசூர் வேலை நம்மிடமே நின்றது.

நான் திருநீர்மலைக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னதும், பெருமாளிடம் வேண்டிக்கொண்டதில் என் பங்கும் இருக்கிறதே, நானும் வருகிறேன் என்றாய். மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். உன் ஸ்கூட்டரில் போனோம். நீ ஓட்டினால் எனக்கு வழியெல்லாம் பெருமாள்தான். படியேறி, நான் உள்ளே போய் சேவித்துவிட்டு வரும்வரை நீ வெளியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாய். நான் வாங்கிவந்த புளியோதரையை இரண்டு பேரும் ஒரே தொன்னையில் சாப்பிட்டோம். கீழே ஏரிகளெல்லாம் நிறைந்திருந்தன. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நம் கண் மட்டத்தில் போயின.

அப்போது நீ சொன்னாய், "எனக்கு இது போதும் மைதி." எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். புளியோதரையா, மலையா, ஷெட்டா? "எல்லாம்தான். மிச்சத்தை நீ வச்சிருக்கியே, அதையும் குடு" என்று தொன்னையைப் பிடுங்கிக்கொண்டாய்.

அதற்குப்பின் நல்ல வருடங்கள் வந்தன. இன்னொரு உலை வந்தது. வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். கூரையை மாற்றினோம். பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், உனக்கும் பிடிக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாளே அண்ணா உன்னை ஷெட்டில் கொண்டுவந்து விடுவார். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தோம். குனிய முடியாதபோது பெட்டியை உன் கையில் கொடுப்போம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். நான் உன்னை ஒருபோதும் வீட்டில் ஓய்வெடு என்று சொன்னதில்லை. அதற்காக ஒருநாள் எனக்கு நன்றி சொன்னாய். நமக்குள் நன்றி சொல்லிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

நீ போய் இது மூன்றாவது மழைக்காலம். ஆரம்பத்தில் ஷெட்டைத் திறக்கவே கை வராமல் இருந்தது. இப்போது அப்படியில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. பெண்கள் உன் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்து உன்னைப் பார்த்தேயிராத ஒருத்தி நேற்று செய்கூலி சேதாரம் கதையைத் தான் கண்ணால் பார்த்த மாதிரி சொன்னாள். நான் திருத்தவில்லை.

போன வாரம் ஓசூர் சார் ஒரு சின்னப் பார்சல் அனுப்பினார். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆயுள் முடிந்து கடலிலிருந்து திரும்பக் கொண்டுவந்த மிதவை ஒன்றைப் பிரித்தார்களாம். அதிலிருந்து எடுத்த பெட்டி. மூடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். அந்த மழைக்குப்பின் நாம் இரண்டு பேரும் மூடிய பெட்டிகளில் ஒன்று. திறந்து பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தார்.

முதலில் திரவத்தில் முக்கினேன். ஒரு குமிழி இல்லை. பிறகு சின்னச் சாணைச் சக்கரத்தால் ஓரத்தை மெதுவாக அறுத்து மூடியைத் தூக்கினேன். பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் அதனதன் வளைவில் நின்றது. சில்லின்மேல் இருக்கும் அலுமினியம் அரித்துப் பூத்துப்போகவில்லை. எங்கும் ஒரு பொட்டு ஈரமில்லை. இத்தனை வருடம் உப்புத் தண்ணீரின் நடுவில் அலைந்துவிட்டு வந்த பெட்டி. வெகுநேரம் நான் கண்ணை எடுக்கவில்லை. அடுத்துப் பார்க்கக் காத்திருந்தவர்கள்தான் என்னை நகர்த்தினார்கள்.

அண்ணா வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, எப்போதும் போலப் பெண்களுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். அன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உள்ள எப்டிம்மா இருந்துச்சு?"

"நேத்து மூடின மாதிரி இருந்துச்சுண்ணா."

அவர் அதன் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க வூட்ல ஒரு ஊறுகா பாட்டில் கீது. அவ போட்ட மாங்கா, அவ மூடின மூடி. சுடுதண்ணில வெச்சுப் பாத்தாச்சு, கதவிடுக்குல வெச்சுத் திருகிப் பாத்தாச்சு. இன்னி வரைக்கும் யாராலயும் தொறக்க முடில."

சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு அதிகமாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். எதைக் கொடுத்தாலும் நீ அப்படித்தான் மூடுவாயாம். எண்ணெய்ப் பாட்டில், சர்க்கரை டப்பா, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் எல்லாம். வீட்டில் எதைத் திறக்கவும் உன்னையேதான் கூப்பிட வேண்டுமாம்.

இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தினம் மதியம் ஸ்டாஃப் ரூமில் தன் டிபன் டப்பாவைத் திறக்கப் பி.டி. மாஸ்டரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். எத்தனையோ வருடமாக.

நாளைக்கும் நான்தான் மூடிக் கொடுப்பேன்.